புகையிரதத்தில் புகை எங்கே?

(எமது வானொலியின் மாதாந்த உரை வரிசையில் ஒலிபரப்பானதன் எழுத்து வடிவம்)



கடந்த பாடசாலை விடுமுறையில் ஒருநாள், என் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஹரிஸ் பார்க் ஸ்ரேசனில் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு எட்டு வயது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறாள். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும், "பிள்ளை, புகையிரதம் வருகுது, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நில்லும்" என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், வருகிற ரெயினை ஒருமுறை பார்த்தாள். "அம்மப்பா, புகை எங்கே?" என்று கேட்டாள்.

"முந்தி இருந்தது பிள்ளை, இப்ப இல்லை" என்றேன்.

"அப்ப அது எங்க போட்டுது?"

அதற்குள் ரெயின் வந்துவிட்டது, ஏறிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு இறங்கவில்லை. நானோ முப்பது வருடத்துக்கு மேல் நீராவியோடு வேலை செய்தவன். ஊரில் பொறியியல் படித்து உத்தியோகம் பார்த்தேன். 1990 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபிறகு இங்கே என் சான்றிதழ் செல்லாது என்றார்கள். ஒரு தொழிற்சாலையின் பொயிலர் அறையில்தான் வேலை கிடைத்தது. அப்படி இருந்தும் ஒரு சின்னப் பிள்ளையின் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதற்கான பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், எங்களில் அநேகர் ஜேம்ஸ் வாட் என்போம். அடுப்பில் கேத்தில் கொதித்தது, மூடி துள்ளியது, சிறுவன் வாட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கதை நல்ல கதைதான். ஆனால் வாட் பிறந்தது 1736 இல். அதற்கு 24 வருடங்களுக்கு முன்னரே, 1712 இல், இங்கிலாந்தின் டட்லி நகருக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவி இயந்திரம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. செய்தவர் தோமஸ் நியூகொமன் என்ற இரும்பு வியாபாரி. சுரங்கத்தை ஆழமாகத் தோண்டத் தோண்ட நிலத்தடித் தண்ணீர் உள்ளே ஊறும். அதை இறைத்து வெளியே விட்டால்தான் கரி எடுக்கலாம். குதிரைகளைக் கட்டி இறைத்துக் களைத்தவர்களுக்கு ஒரு இறைப்பு இயந்திரம் தேவைப்பட்டது. ஊரில் தோட்டத்துக்குத் துலா மிதித்து இறைத்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் விளங்கும்.

நியூகொமனின் இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் பார்ப்போம். எங்கள் குசினிப் பாசையிலேயே சொல்லுகிறேன். ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 பங்கு இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் புட்டுப் பானையில் கொதிக்கிற கொஞ்சத் தண்ணீரின் ஆவி நீத்துப்பெட்டி முழுவதும் பரவி மாவை அவிக்கிறது. இதே ஆவியை மூடிய பாத்திரத்துக்குள் வைத்துக் குளிரவைத்தால், அது திரும்பவும் கொஞ்சத் தண்ணீராகச் சுருங்கிவிடும். உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். வெளியே இருக்கிற காற்று சும்மா இருக்குமா? அமத்தும்.

வீட்டிலே பிள்ளைகளுக்குச் செய்துகாட்டலாம். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலுக்குள் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றிவிட்டு, உடனே மூடியை இறுக்கி, பைப் தண்ணீரில் பிடியுங்கள். போத்தல் தானாக நெளிந்து சப்பையாகும். பெரியவர்கள் பக்கத்தில் நின்று செய்யுங்கள், கை சுட்டுவிடக் கூடாது.

நியூகொமன் செய்தது இதுதான். பெரிய உருளை ஒன்றுக்குள் ஆவியை விட்டார். பிறகு அதே உருளைக்குள் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்தார். ஆவி சுருங்கியது, மேலிருந்த காற்று உருளைத் தண்டைக் கீழே அமத்தியது, துலாவின் மறுமுனை மேலே எழும்பித் தண்ணீரை இறைத்தது. கவனியுங்கள், அங்கே வேலை செய்தது ஆவியின் தள்ளு அல்ல, காற்றின் அமத்தல்.

ஆனால் அதில் ஒரு பெரிய நட்டம் இருந்தது. ஒவ்வொரு தரமும் உருளையைச் சூடாக்கி, குளிரவைத்து, மறுபடியும் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு புட்டு அவித்து முடிந்ததும் பானையை இறக்கிக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஆறவிட்டு, பிறகு திரும்ப அடுப்பில் ஏற்றினால் எவ்வளவு விறகு செலவாகும்? எங்கள் அம்மாமார் அப்படிச் செய்வார்களா? ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். சுரங்க வாசலில் கரி மலிவு, ஆகையால் யாரும் கவலைப்படவில்லை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் திருத்துகிற வேலை பார்த்த ஜேம்ஸ் வாட்டிடம், 1763-64 காலத்தில், நியூகொமன் இயந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று திருத்துவதற்கு வந்தது. திருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஒரு கேள்வி கேட்டார்: இவ்வளவு ஆவியும் எங்கே போகிறது? அளந்து பார்த்தார். உருளையைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதிலேயே பெரும்பகுதி வீணாவதைக் கண்டார். 1765 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போகும்போது விடை தோன்றியது. ஆவியை உருளைக்குள் குளிரவைக்காமல், பக்கத்தில் வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிரவைத்தால் என்ன? உருளை எப்போதும் சூடாகவே இருக்கும், பக்கத்துப் பாத்திரம் எப்போதும் குளிராகவே இருக்கும். அவ்வளவுதான். 1769 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

யோசனை ஒரு நாளில் வந்தது. இயந்திரமாக ஓட மேலும் பத்து வருடம் பிடித்தது. காரணம், ஆவி கசியாத அளவுக்கு வட்டமாக உருளை கடைய ஆள் இல்லை. பீரங்கிக் குழாய் கடைவதற்கென்று ஜோன் வில்கின்சன் 1774 இல் செய்த கடைசல் பொறிதான் கைகொடுத்தது. பேர்மிங்ஹாம் தொழிலதிபர் மத்தியூ போல்ற்றன் பணத்தோடு 1775 இல் பங்காளியானார். ஆகவே ஒருவர் தனியே கண்டுபிடித்தார் என்பது சரியல்ல. இரும்பு வியாபாரி, கருவி திருத்துபவர், பீரங்கி கடைபவர், முதல் போட்டவர் என்று பல கைகள் பட்டுத்தான் அந்த இயந்திரம் உருவானது.

பங்காளிகள் இருவரும் வியாபாரத்திலும் கெட்டிக்காரர்கள். பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு கரி மிச்சமாகிறதோ, அந்த மிச்சத்தின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கைத் தங்களுக்குத் தரவேண்டும் என்று ஒப்பந்தம் செய்தார்கள். வீணாவதைத் தடுத்தே பணம் சம்பாதித்தார்கள்.

இதுவரை சொன்னது மேலும் கீழும் ஆடித் தண்ணீர் இறைக்கிற இயந்திரம். 1780களில் வாட் அதைச் சக்கரம் சுற்றவும் வைத்தார். சாதாரண வளைதண்டு போட்டுச் சுற்றலாம்தான். ஆனால் அதற்கு வேறொருவர் முந்திக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆகையால் ஒரு பற்சக்கரத்தைச் சுற்றி இன்னொரு பற்சக்கரம் வலம்வருகிற மாதிரி ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். சூரியனும் கோளும் என்று அதற்குப் பெயர். சக்கரம் சுற்றத் தொடங்கியபிறகு நீராவி சுரங்கத்தை விட்டு ஆலைகளுக்குள் வந்துவிட்டது. நூல் நூற்றது, மா அரைத்தது, இரும்பு தட்டியது.

அப்படிச் சுற்றும் இயந்திரங்களில், உலகத்தில் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது எங்கே இருக்கிறது தெரியுமா? லண்டனில் அல்ல. எங்கள் சிட்னியில். 1785 இல் லண்டன் விற்பிரெட் மதுபான ஆலைக்காகச் செய்யப்பட்டது அது. அதுவரை குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்து அரைத்த தானியத்தை அரைப்பதற்கு வாங்கினார்கள். 1787 இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரே வந்து பார்த்திருக்கிறார். 1887 வரைக்கும், 102 வருடம் ஓடியது. பிறகு அதைக் கழற்றும் நேரம் வந்தபோது, சிட்னிப் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் லிவர்சிட்ஜ், சிட்னி நூதனசாலைக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினார். 1888 இல் அது இங்கே வந்து சேர்ந்தது. வந்தது பேற்றியாக் என்ற பாய்க்கப்பலில்! காற்றை வென்ற இயந்திரத்தைக் காற்றுத்தான் சுமந்து வந்திருக்கிறது.

பவர்ஹவுஸ் நூதனசாலை 1988 இல் அல்ரிமோவில் திறக்கப்பட்டபோது அந்த இயந்திரத்துக்கு அங்கே இடம் கிடைத்தது. உண்மையான ஆவியிலேயே அதை ஓட்டிக் காட்டினார்கள். நாங்கள் சிட்னிக்கு வந்த முதல் வருடங்களில், காசு செலவழித்து எங்கும் போக முடியாத காலத்தில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். இரண்டு மாடி உயரம். பெரிய துலா ஆடி, சக்கரம் மெதுவாகச் சுற்றும். உறுமல் இல்லை, பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் மட்டும். என் மகன், "அப்பா, நீங்கள் வேலை செய்யிறதும் இதுவா?" என்று கேட்டான். "இதன் பேரப்பிள்ளை" என்றேன். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லையே என்று மனம் குறுகியிருந்த நாட்கள் அவை. அன்றைக்கு அந்த இயந்திரத்துக்கு முன்னால் நின்றபோது கொஞ்சம் நிமிர்ந்தேன்.

அதே நூதனசாலையில் இன்னொரு பொருளும் இருந்தது. நியூ சவுத் வேல்ஸின் முதலாம் இலக்கப் புகையிரத எஞ்சின். இங்கிலாந்தில் ரொபேர்ட் ஸ்டீவன்சன் கம்பனி 1854 இல் செய்தது. அடுத்த வருடம் சிட்னிக்கு வந்தது. 1877 வரை ஓடியது. அதற்கும் ஹரிஸ் பார்க்குக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

அவுஸ்திரேலியாவின் முதல் நீராவிப் புகையிரதம் ஓடியது மெல்பேர்ணில், 1854 செப்ரெம்பரில். சிட்னிக்காரர் ஒரு வருடம் பிந்திவிட்டார்கள். 1850 இல் வேலையைத் தொடங்கினார்கள். 1851 இல் தங்கம் கிடைத்ததும் கூலியாட்கள் மண்வெட்டியோடு தங்கம் தேடிப் போய்விட்டார்கள். கம்பனியிடம் பணம் போதவில்லை, அரசாங்கம் பொறுப்பேற்றது. கடைசியில் 1855 செப்ரெம்பர் 26 ஆம் திகதி சிட்னியிலிருந்து முதல் புகையிரதம் புறப்பட்டது. இடையில் நான்கே நிலையங்கள்: நியூட்டவுண், ஆஷ்ஃபீல்ட், பேர்வூட், ஹோம்புஷ். கடைசி நிலையத்துக்குப் பரமட்டா என்று பெயர். ஆனால் அது இருந்தது இன்றைய கிரான்வில் பக்கத்தில். அங்கே இறங்கியவர்கள் பரமட்டா பட்டினத்துக்கு மிச்சத் தூரத்தை வேறு வழியில்தான் போக வேண்டியிருந்தது. 1860 இல் பாதையை நீட்டி இன்றைய பரமட்டா நிலையத்துக்கும், அப்பால் பிளாக்டவுணுக்கும் கொண்டுபோனார்கள். அப்படி நீட்டிய துண்டுதான் ஹரிஸ் பார்க்கைக் கடந்து போகிறது. நாங்கள் இன்று விக்ரம் வீதியில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்து ஏறுகிறோமே, அந்தப் பாதைதான்.

யாருக்காகப் போட்டார்கள்? பொதுசனம் ஏறியது உண்மை. ஆனால் முதலில் காசு போட நினைத்தவர்களின் கண்ணுக்குத் தெரிந்தது உள்நாட்டிலிருந்து வரும் கம்பளியும் விளைபொருளும். இந்த மண்ணுக்குரிய தாருக் மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் புகையிரதப் பாதை முதலில் எங்கே போட்டார்கள்? கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை, 1864 இல். 1867 இல் கண்டிக்கு. ஏன் கண்டி? கோப்பி. மாட்டு வண்டிகளில் நாட்கணக்காக இறங்கிய கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு விரைவாகக் கொண்டுவர வேண்டும். பின்னர் நோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, பாதை இன்னும் மேலே ஏறியது, 1885 இல் நானு ஓயா வரைக்கும் போனது. அந்தக் கோப்பியையும் தேயிலையையும் பயிரிட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் மலையக உறவுகள். மூட்டை புகையிரதத்தில் போன காலத்திலும், மூட்டையை உண்டாக்கியவர்களில் பலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப்பாதையால் நடந்தே மலைக்குப் போனார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே புகையிரதத்தை இணைக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது 1914 இல்தான்.

எங்கள் வடக்கில் கோப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை. ஆகையால் அவசரமும் இல்லை. கண்டிக்குப் போய் முப்பத்தைந்து வருடம் கழித்து, 1902 மார்ச்சில், காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் ஏறத்தாழ 20 மைல் பாதை திறக்கப்பட்டது. அப்போது அது தனித்து நின்ற துண்டு. வன்னிக் காட்டை ஊடறுத்துத் தெற்கோடு இணைந்தது 1905 ஓகஸ்ட் முதலாம் திகதி.

இந்தப் பாதையில் சாமான் ஏறியது. அதைவிட முக்கியமாக மனிதர்கள் ஏறினார்கள். பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்துவிட்டு உத்தியோகம் தேடிய இளைஞர்களுக்குக் கொழும்பு கிட்டவாகிவிட்டது. தகரப்பெட்டி, பாய், அம்மா கட்டித்தந்த சோற்றுப் பொதி. கிளறிக்கல் சேவையும் தபாற்கந்தோரும் மணியோடரும் சேர்ந்து எங்கள் ஊர்களின் வாழ்க்கையையே மாற்றின.

இன்னும் கொஞ்சப் பேர் கொழும்போடு நிற்கவில்லை. மலாயாவில் ஈயம் எடுத்தார்கள். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதலாவது பாதை போட்டார்கள். அதைப் போடவே இலங்கையிலிருந்து தொழிலாளர் படையைக் கொண்டுபோனார்கள். பிறகு நிலையங்களை நடத்த ஆங்கிலமும் கணக்கும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கப்பலேறினார்கள். ஸ்ரேசன் மாஸ்டர், கிளாக்கர் என்று மலாயாப் புகையிரதம் முழுக்க எங்கள் ஆட்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் புகையிரத ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த இடம்.

என் அப்பப்பாவும் அவர்களில் ஒருவர். 1920களின் கடைசியில் போனவர். ஒரு சின்ன நிலையத்தில் கிளாக்கராகத் தொடங்கி, இளைப்பாறி ஊருக்கு வந்தார். மலாயன் பென்சன்காரர் என்றால் அந்தக் காலத்தில் ஊரிலே ஒரு மதிப்பு. அந்தப் பென்சனில் கட்டிய வீட்டில்தான் நான் பிறந்தேன். கோச்சி வருகிற நேரத்துக்குத் தன் பொக்கற் மணிக்கூட்டை எடுத்துப் பார்ப்பார். பிந்திவிட்டால் அவருக்கே அவமானம் போல முகம் மாறும்.

அந்நாளில் தென்னிந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையில் தமிழரை ஏற்றி இறக்கிய நீராவிக் கப்பல்களில் ரஜூலாவை அநேகர் அறிவார்கள். 1926 இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடியது. அது கட்டப்பட்ட ஊர் கிளாஸ்கோ, ஜேம்ஸ் வாட் அந்தச் சின்ன மாதிரியைத் திருத்திய அதே ஊர்.

இதிலிருந்து எனக்கு விளங்குவது ஒன்றுதான், நேயர்களே. இங்கே கம்பளி, கண்டியில் கோப்பி, மலாயாவில் ஈயம். முதலாளிகள் பாதை போட்டது பண்டத்துக்காக. எங்களை நினைத்து ஒருவரும் ஒரு சிலிப்பர்கட்டைகூடப் போடவில்லை. ஆனால் பாதை வந்தபிறகு எங்கள் முன்னோர் அதில் ஏறினார்கள். ஏறியவர்களில் சிலர் உத்தியோகத்துக்குப் போனார்கள், சிலர் கூலிக்குப் போனார்கள், சிலர் திரும்பி வரவேயில்லை. நீராவி இயந்திரத்தின் சரித்திரத்தை வெள்ளைக்காரரின் கெட்டித்தனமாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அதில் எங்கள் குடும்பக் கதையும் இருக்கிறது.

சின்ன வயதில் நான் கண்ட கரிக்கோச்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோதே டீசல் வந்துவிட்டது. ஆனாலும் அறுபதுகளில் சாமான் வண்டிகளைக் கரி எஞ்சின்கள் இழுத்து வந்தன. வெள்ளை உடுப்போடு தண்டவாளப் பக்கம் போனால் அம்மா ஏசுவா. கரித்தூள் விழுந்தால் தோய்த்தாலும் போகாது. எங்களுக்கோ, அந்தத் தூள் படுவதற்காகவே வேலியோடு போய் நிற்கவேண்டும்.

1990 யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றுபோனது. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கோச்சி இல்லை. நடந்தும், சைக்கிளிலும், வள்ளத்திலும் வெளிக்கிட்டோம். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அதைவிட மோசம். தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பெயர்க்கப்பட்டு இரு தரப்பினதும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. தூரத்தைக் குறைக்கச் செய்த இரும்பு, ஷெல்லிலிருந்து தலையைக் காக்கிற இரும்பாகப் போய்விட்டது. இருபத்திநான்கு வருடங்கள் கழித்து, 2014 ஒக்ரோபரில், இந்திய உதவியோடு திரும்பப் போட்ட பாதையில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. நான் போய் ஏறினேன். நிலையத்தின் பெயர்ப்பலகை அதே பெயர்தான். வேலியோடு நின்று கைகாட்டிய வீடுகளில் பல இல்லை. அப்பப்பாவின் பென்சன் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும் மிஞ்சியிருந்தன.

இனிப் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். புகை எங்கே போட்டுது?

உண்மையைச் சொன்னால், அது போகவில்லை. எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போயிருக்கிறது. 1884 இல் சார்ள்ஸ் பார்சன்ஸ் நீராவிச் சுழலியைச் செய்தார். முன்னும் பின்னும் போகிற தண்டுக்குப் பதிலாக, ஆவி நேரடியாக இறகுகளில் பட்டுச் சுழற்றுகிற இயந்திரம். அதைக்கொண்டுதான் இன்றும் உலகத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதியை எடுக்கிறார்கள். ஹன்ரர் பள்ளத்தாக்கில் பேஸ்வோட்டர் மின்நிலையத்தில் நடப்பது என்ன? நிலக்கரியை எரித்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியால் சக்கரம் சுற்றுகிறார்கள். ஊரிலே புத்தளத்துக்குப் பக்கத்தில் நுரைச்சோலையிலும் அதே வேலைதான். நாங்கள் சுவிச்சைப் போட்டு வெளிச்சம் ஏற்றும்போது, எங்கேயோ ஒரு கரிக்கோச்சி இன்னமும் மூச்சுவிடுகிறது. உலகத்தின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகங்களில் ஒன்று, சிட்னிக்கு வடக்கே இரண்டு மணிநேர ஓட்டத்தில் இருக்கிற நியூகாசில்.

அந்தப் புகை வானத்தில் சேர்ந்து பூமியைச் சூடாக்குகிறது. மேற்குச் சிட்னியில் 2020 ஜனவரியில் பென்றித்தில் 48.9 பாகை வெயில் அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது சூரிய ஒளிக்கும் காற்றாலைக்கும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருக்கிறோம். உங்களில் பலருடைய கூரைகளிலும் சூரியத் தகடு இருக்கிறது. ஆனால் வாட் கேட்ட கேள்வி பழையதாகவில்லை: எங்கே வீணாகிறது? பொயிலர் அறையில் முப்பது வருடம் நான் பார்த்ததும் அதுதான். ஒரு சின்னக் குழாயில் ஆவி கசிந்தால் மாதக் கணக்கில் பெருந்தொகைப் பணம் போகும். காது கொடுத்துக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த இயந்திரத்துக்கும், எந்த வீட்டுக்கும் அது பொருந்தும்.

அல்ரிமோவில் இருந்த பவர்ஹவுஸ் கட்டடம் 2024 பெப்ரவரியில் புதுப்பிப்பு வேலைக்காக மூடப்பட்டது. எங்கள் பரமட்டா ஆற்றங்கரையில், ஹரிஸ் பார்க்கிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், புதிய பவர்ஹவுஸ் ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் பழைய போல்ற்றன்-வாட் இயந்திரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், அது எங்கே காட்சிக்கு வைக்கப்படுகிறது என்று முதலில் நூதனசாலையிடம் விசாரித்துவிட்டுப் பிள்ளைகளோடு போங்கள். போகும்போது உங்கள் குடும்பத்தில் யார் மலாயாவுக்குப் போனார், யார் கொழும்புக்கு மெயில் கோச்சியில் போனார், யார் மலைநாட்டில் வேலை செய்தார் என்று சொல்லுங்கள். ஞாபகம் உள்ளவர்கள் இருக்கும்போதே சொல்லுங்கள்.

என் பேத்திக்குப் போன கிழமை பதில் சொன்னேன். கரி, ஆவி, அப்பப்பாவின் மணிக்கூடு, பெயர்த்த தண்டவாளம் எல்லாம் அவளுக்கு விளங்கும் அளவில் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப இதுக்கு வேற பேர் வைப்பமா, அம்மப்பா?" என்றாள். வேண்டாம் பிள்ளை, புகையிரதம் என்றே சொல்லுவோம் என்றேன். அந்தப் பெயர் இருந்தால்தான், இன்னொரு பிள்ளை புகை எங்கே என்று கேட்கும்.